நாலு சக்கரமும் இழுக்கும் கார் – ஒரு சின்ன வரலாறு

போன வாரம் இங்கிலாந்தில் இருக்கும் அக்கா மகன் பேசினான். அங்கே பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான், நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. "மாமா, பார்க்கிங்கில முழுசா ஒடிச்சுத் திருப்பினா யாரோ பின்னால பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு. டயர் கிறீச்சுங்குது" என்றான். இரண்டு நாள் புத்தகமும் இணையமுமாக உட்கார்ந்ததில் ஒரு வரலாறே கிடைத்தது.

நம் ஊர்க்காரர்களுக்குப் பெர்குசன் என்றால் டிராக்டர். சென்னை டாஃபே நிறுவனம் செய்த மாஸ்ஸி பெர்குசனில் உழாத வயல் குறைவு. அந்த ஹாரி பெர்குசன் அயர்லாந்துக்காரர். 1909-லேயே சொந்தமாக விமானம் செய்து பறந்தவர். டிராக்டரில் பேர் வாங்கிய பிறகு, வயதான காலத்தில் அவருக்கு வந்த ஆசை, சாதாரணக் காரும் நான்கு சக்கரத்தாலும் ஓட வேண்டும், மழையில் வழுக்கக் கூடாது என்பது. அதற்கு ஓர் ஆய்வு நிறுவனமே நடத்தினார்.

அதில் முக்கியமான ஆள் டோனி ரோல்ட். இவர் கதையைத் தனியாகவே எழுதலாம். இரண்டாம் உலகப் போரில் 1940-ல் கலே நகரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். தப்பிக்கத் தப்பிக்க முயன்றதால் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறைக்கு அனுப்பினார்கள். அங்கே தேவாலயத்துக்கு மேலே இருந்த பரணில் கைதிகள் ரகசியமாக ஒரு கிளைடர் விமானம் கட்டினார்களே, அந்தக் கூட்டத்தில் இவரும் உண்டு. பறப்பதற்குள் 1945-ல் விடுதலை வந்துவிட்டது. 1953-ல் டங்கன் ஹாமில்டனோடு சேர்ந்து ஜாகுவார் காரில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். பெர்குசன் 1960-ல் காலமானார். அவர் கனவைத் தூக்கிச் சுமந்தது ரோல்ட்தான். அடுத்த ஆண்டே பெர்குசன் பி99 என்ற நாலு சக்கரப் பந்தயக் காரில் ஸ்டெர்லிங் மாஸ் ஓல்டன் பார்க்கில் ஜெயித்தார். 1966-ல் ஜென்சன் எஃப்எஃப் கார் வந்தது. அருமையான வண்டி, ஆனால் விலை அதிகம். மொத்தம் 320 தான் செய்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், கார் திரும்பும்போது முன் சக்கரம் ஓடும் தூரம் வேறு, பின் சக்கரம் ஓடும் தூரம் வேறு. இரண்டையும் இறுக்கிக் கட்டினால் தார் ரோட்டில் டயர் தேயும். கட்டாமல் விட்டால் வழுக்கும் இடத்தில் உதவாது. ரோல்ட் 1971-ல் தொடங்கிய எஃப்எஃப் டெவலப்மெண்ட்ஸ் இதற்குப் பக்குவப்படுத்திய விடைதான் விஸ்கஸ் கப்ளிங்.

எட்டாம் வகுப்பில் படித்த பாகுநிலை நினைவிருக்கிறதா? கேப்பைக்களி கிண்டும் அம்மாவைப் பாருங்கள். துடுப்பை மெதுவாக நகர்த்தினால் வழிவிடும். வேகமாகக் கிண்டினால் பானையும் சேர்ந்து சுற்றும், இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கப்ளிங்கும் அதேதான். மூடிய உருளைக்குள் ஒன்றுவிட்டு ஒன்றாக மெல்லிய தகடுகள், பாதி முன்பக்கத்தோடு, பாதி பின்பக்கத்தோடு. இடையில் சிலிக்கோன் திரவம். வேக வித்தியாசம் சின்னதாக இருந்தால் நழுவும், பெரிதானால் பின்பக்கத்தையும் இழுத்துக்கொண்டு போகும். கம்ப்யூட்டர் இல்லை, நெம்புகோல் இல்லை. அமெரிக்காவில் ஏஎம்சி ஈகிள் 1980-ல் இதை வைத்தது. ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் சிங்க்ரோ வேன் 1985-ல் வந்தது.

ஆனால் வருஷக்கணக்காகச் சூடேறிச் சூடேறி அந்தத் திரவம் கெட்டியாகிவிடும். பிறகு நழுவாது. அதுதான் மருமகன் சொன்ன 'பிடித்து இழுப்பது'. அப்படியே ஓட்டினால் கியர்ப்பெட்டிப் பக்கத்துப் பல்சக்கரங்கள் உடையும். செலவு காரின் விலையையே தாண்டலாம். திரவம் ஒழுகிப்போனால் நேர்மாறு: ஒரு குறையும் தெரியாது, பனியில் சிக்கும் நாளில்தான் பின் சக்கரம் சும்மா இருப்பது புரியும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீண்ட தண்டின் நடுவில் கப்ளிங் இருக்கும் கார்களுக்கு இது பொருந்தும். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு நன்றாகக் கட்டை கொடுத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்க வேண்டும். சக்கரத்தின் நடு நட்டில் நீண்ட கம்பி மாட்டி நுனியில் எடை தொங்கவிட வேண்டும். நல்ல கப்ளிங் என்றால் கம்பி மெல்ல, ஒரே சீராக இறங்கும். பொத்தென்று விழுந்தால் திரவம் இல்லை. அசையவே இல்லையென்றால் இறுகிவிட்டது. வண்டி ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். (ஜாக்கிக்கு அடியில் யாரும் தலை நீட்டாதீர்கள்.)

அதற்கு முன் நான்கு டயரும் ஒரே அளவா என்று பார்க்கச் சொன்னேன். முன்னால் புதுசும் பின்னால் தேய்ந்ததும் இருந்தால் சுற்றளவு மாறும், நேர் ரோட்டிலும் கப்ளிங் ஓயாமல் வேலை செய்யும். பையன் வண்டியில் அதுதான் கதை. விற்றவர் முன்னால் இரண்டு புது டயர் போட்டுப் பளபளப்பாக்கியிருக்கிறார்.

நேற்று இரவு படம் அனுப்பினான். அரை மணி நேரம் எடை தொங்கியும் கம்பி விரலளவுகூட இறங்கவில்லை. பல்சக்கரங்களில் இன்னும் சேதமில்லையாம். புது கப்ளிங்கும் பின்னால் இரண்டு டயரும் சொல்லிவிட்டான். வரும் வரை வண்டியை எடுக்க வேண்டாம், பஸ்ஸில் போ என்றிருக்கிறேன்.