மாதக்கணக்கில் கட்டிய மாடல் விமானம் 10 நொடியில் விழுவது ஏன்? இரட்டை இறக்கை ஆர்சி விமானத்தை கிட்டிலிருந்து கட்டுவது எப்படி?

வேலை முடிந்து வந்து தினமும் 2 மணி நேரம் மேஜை முன்னால் உட்கார்ந்து, 3, 4 மாதமாகக் கட்டிய விமானம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்கு எடுத்துப்போய் ரிமோட்டை இயக்கினால், புல்லில் ஓடி, சட்டென்று மூக்கைத் தூக்கி, ஒரு பக்கம் சாய்ந்து, தலைகுப்புற விழுகிறது. எல்லாம் 10 நொடிக்குள் முடிந்துவிடுகிறது.

மாடல் விமானம் கட்டும் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. "காத்து அடிச்சிடுச்சு", "ரிமோட் சரியா வேலை செய்யலை" என்று காரணம் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் தவறு நடந்தது வீட்டு மேஜையில். எடை கூடியிருக்கும், இறக்கை முறுக்கியிருக்கும், இல்லையென்றால் ஈர்ப்பு மையம் தவறான இடத்தில் இருந்திருக்கும். இந்த மூன்றையும் கட்டும்போதே கவனிப்பது எப்படி? பார்க்கலாம்.

இரட்டை இறக்கை விமானம் என்றால் என்ன?

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள் கொண்ட விமானம்தான் பைப்ளேன். 1903-ல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்டதும் இந்த வகைதான். அந்தக் காலத்தில் விமானம் என்றால் மரச்சட்டமும் துணியும்தான். அதை வைத்து நீளமான ஒற்றை இறக்கையை உறுதியாகக் கட்டுவது சிரமம். இரண்டு இறக்கைகளை மேலும் கீழும் வைத்து, நடுவில் தூண் கொடுத்து, கம்பியால் இழுத்துக் கட்டினால் பாலம் மாதிரி உறுதி கிடைக்கும்.

மாடல் கட்டுபவர்களிடம் இன்றும் பிரபலமாக இருப்பது பிரிட்டனின் டி ஹாவிலண்ட் டைகர் மாத். 1931 அக்டோபர் 26-ல் முதல்முறை பறந்த பயிற்சி விமானம் இது. இந்திய விமானப்படையும் பயிற்சிக்கு இதைப் பயன்படுத்தியது. பழுதுபார்த்து மீட்கப்பட்ட ஒரு டைகர் மாத், 2012 விமானப்படை தின விழாவில் மீண்டும் பறந்தது.

நிஜ டைகர் மாத்தின் இறக்கை, முனைக்கு முனை 8.94 மீட்டர். அதை 6-ல் ஒரு பங்கு அளவில் செய்தால் மாடலின் இறக்கை சுமார் 1.49 மீட்டர் வரும்.

எடைக் கணக்கு வேறு. நீளம் 6 மடங்கு குறைந்தால் எடை 6 x 6 x 6, அதாவது 216 மடங்கு குறைய வேண்டும். நிஜ விமானத்தின் அதிகபட்ச எடை 828 கிலோ. 216-ஆல் வகுத்தால் சுமார் 3.8 கிலோ. மாடல் இதைவிடவும் இலகுவாக இருந்தால்தான் நிஜ விமானம் போல மெதுவாக, அழகாகப் பறக்கும். எடை கூடக்கூட வேகமாகப் பறந்தாக வேண்டும், வேகமாக இறங்கவும் வேண்டும்.

கிட்டில் என்ன இருக்கும்? என்ன இருக்காது?

பொதுவாக லேசரில் வெட்டிய பால்சா மற்றும் பிளைவுட் துண்டுகள், முழு அளவு வரைபடம், வளைத்த கம்பிகள், சில ஸ்க்ரூக்கள் இருக்கும்.

மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி, பேட்டரி, சர்வோக்கள், ரிசீவர், ரிமோட், மேலே போர்த்தும் ஃபிலிம், பசை, பெயின்ட் ஆகியவற்றைப் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும். அதனால் கிட்டின் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போட்டுவிடக் கூடாது.

பால்சா என்பது மத்திய, தென் அமெரிக்காவில் வளரும் மரம். ஈக்வடார் இதன் முக்கிய ஏற்றுமதி நாடு. கன மீட்டருக்கு சுமார் 160 கிலோதான் எடை. தேக்கு 600 கிலோவைத் தாண்டும். ஆனால் எல்லா பால்சாவும் ஒரே எடை கிடையாது. ஒரே கிட்டில் வந்த இரண்டு துண்டுகளைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். கனமான, கெட்டியான துண்டுகளை இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாருக்கும், இலகுவான துண்டுகளை வாலுக்கும் ஒதுக்குவது அனுபவசாலிகளின் வழக்கம்.

முதல் வேலை என்ன?

வளையாத, தட்டையான ஒரு பலகை வேண்டும். அதில் வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாமல் இருக்க மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட வேண்டும். அதன் மீது பால்சா துண்டுகளை வைத்து, குண்டூசியால் நிறுத்தி ஒட்ட வேண்டும். பலகை லேசாக வளைந்திருந்தால் இறக்கையும் வளைந்துதான் வரும்.

டைகர் மாத்தில் இறக்கைத் துண்டுகள் நான்கு: மேல் இடது, மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது. ஒவ்வொன்றிலும் பேனாவால் பெயர் எழுதிவைப்பது நல்லது. அவசரத்தில் இரண்டு இடது இறக்கைகளைக் கட்டிவிட்டு, பொருத்தும்போது தலையில் கை வைப்பது இந்தப் பொழுதுபோக்கில் ரொம்ப பழைய கதை.

இன்னொரு விஷயம். ஒட்டத் தொடங்கும் முன், ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் ஒரு தாளில் பென்சிலால் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது கடைசியில் புரியும்.

எந்த இடத்துக்கு எந்தப் பசை?

* சாதாரண பால்சா இணைப்புகள்: வெள்ளை மரப்பசை அல்லது உடனே ஒட்டும் சயனோஅக்ரிலேட் போதும். சயனோஅக்ரிலேட் என்பது ஃபெவிக்விக் வகைப் பசை. இதன் ஆவி கண்ணை எரிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்வது நல்லது.
* மோட்டார் பொருத்தும் முன்பலகை, சக்கரக் கம்பி, இறக்கையின் நடு இணைப்பு: இரண்டு டியூப் கலந்து பயன்படுத்தும் எபாக்சி பசைதான் சரி. அதிர்வும் அடியும் தாங்க வேண்டிய இடங்கள் இவை.

"கொஞ்சம் அதிகமா போட்டா கெட்டியா நிக்கும்" என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. இடுக்கு இல்லாமல் பொருந்தும் இரண்டு துண்டுகளுக்கு மெல்லிய பசைப் பூச்சே போதும். அதற்கு மேல் போடுவது எல்லாம் வெறும் எடை.

இரண்டு இறக்கையிலும் ஏன் இவ்வளவு கவனம்?

இறக்கை, விமானத்தின் உடலோடு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பொருந்த வேண்டும். ஒற்றை இறக்கை விமானத்தில் இறக்கைக்கும் வாலுக்கும் மட்டும் சரிபார்த்தால் போதும். இங்கே மேல் இறக்கை, கீழ் இறக்கை, வால் என்று மூன்று கோணங்கள். இவை ஒன்றுக்கொன்று வரைபடத்தில் உள்ளபடி இருக்க வேண்டும்.

உடலை மேஜையில் மட்டமாக நிறுத்தி, கோணம் காட்டும் கருவியை இறக்கையில் மாட்டிப் பார்க்கலாம். கருவி இல்லையென்றால், நேரான பட்டையில் மொபைலை வைத்து லெவல் ஆப் மூலம் தோராயமாகப் பார்க்கலாம்.

அடுத்தது நூல் சோதனை. உடலின் வால் முனையின் நடுவிலிருந்து இடது இறக்கை நுனிக்கு ஒரு நூல் பிடியுங்கள். அதே நூலை வலது நுனிக்குக் கொண்டுபோங்கள். நீளம் ஒன்றாக இருந்தால் இறக்கை நேராக இருக்கிறது. இல்லையென்றால் ஒட்டுவதற்கு முன்பே சரிசெய்ய வேண்டும்.

முறுக்கல் இதைவிட ஆபத்து. ஒரு பக்க இறக்கையின் பின்விளிம்பு கீழே முறுக்கியிருந்தால், வேகம் குறையும்போது அந்தப் பக்கம் முதலில் தூக்குவிசையை இழக்கும். விமானம் அந்தப் பக்கமாகக் கவிழும். தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இது நடந்தால் காப்பாற்ற நேரமே இருக்காது.

ஃபிலிம் போர்த்துவது எப்படி?

முதலில் தேய்ப்பு. மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால், சொரசொரப்பானதில் தொடங்கி நைசானது வரை தேய்க்க வேண்டும். மரத்தில் இருக்கும் சின்ன மேடு கூட ஃபிலிமுக்கு மேலே தெரியும்.

பிறகு சூட்டில் சுருங்கும் ஃபிலிமை வெட்டி, மாடலுக்கென்றே வரும் சின்ன இஸ்திரிப் பெட்டியால் ஓரங்களை மட்டும் ஒட்ட வேண்டும். அதன்பின் சூட்டைக் கூட்டினால் நடுப்பகுதி சுருங்கி, மத்தளத் தோல் போல இறுகும். கீழ்ப்பக்கம் முதலில், மேல்பக்கம் பிறகு. அப்போதுதான் இணைப்புக் கோடு மேலிருந்து தெரியாது.

ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுருங்கினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். அப்படி நடந்தால், இறக்கையைக் கையால் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்தபடி மீண்டும் சூடு காட்டினால் சரியாகும்.

நிஜ டைகர் மாத் துணி போர்த்திய விமானம் என்பதால், பளபளப்பு இல்லாத துணி வகை ஃபிலிம்தான் பொருத்தமாக இருக்கும். இறக்கைகளுக்கு நடுவில் தெரியும் கம்பிகள், நிஜத்தில் சுமை தாங்குபவை. பல மாடல்களில் அவை அழகுக்காக மாட்டும் எலாஸ்டிக் நூல். உங்கள் கிட்டில் அது அழகுக்கா, உறுதிக்கா என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொள்வது அவசியம்.

வாலில் 10 கிராம் கூடினால் என்ன ஆகும்?

இங்கேதான் பெயின்ட் அடிக்கும் ஆசை விலை கேட்கும். டைகர் மாத்தின் மூக்கு சின்னது, வால் நீளம். சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 75 செ.மீ. தள்ளியும், மூக்கு 25 செ.மீ. தள்ளியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாலில் கூடும் ஒவ்வொரு 10 கிராமுக்கும் மூக்கில் 30 கிராம் ஈயம் வைத்தால்தான் சமநிலை வரும். மொத்தத்தில் 40 கிராம் சுமை.

அதனால் வாலில் மட்டும் பெயின்ட், பசை, ஸ்க்ரூ எல்லாவற்றிலும் கஞ்சத்தனம் தேவை.

ஈர்ப்பு மையத்தை எப்படிச் சோதிப்பது?

வரைபடத்தில் ஈர்ப்பு மையம் குறிக்கப்பட்டிருக்கும். பேட்டரி உட்பட எல்லாவற்றையும் பொருத்திய பிறகு, அந்த இடத்தில் மாடலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மட்டமாகவோ, மூக்கு லேசாகக் கீழ்நோக்கியோ நின்றால் சரி. வால் தாழ்ந்தால் பறக்கவிடவே கூடாது. முதலில் சொன்ன விபத்து மாதிரி, மூக்கைத் தூக்கிக்கொண்டு விழும்.

டைகர் மாத்தின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்தவை. முன் இருக்கையில் இருப்பவர் பாராசூட்டோடு வெளியேற வசதியாக மேல் இறக்கையை முன்னால் நகர்த்தினார்கள். அதை ஈடுகட்டவே இந்தச் சாய்வு. இதனால் அளவை இறக்கையின் நடுவில் எடுப்பதற்கும் நுனியில் எடுப்பதற்கும் பல சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். எந்த இறக்கையில், எந்த இடத்திலிருந்து அளக்கச் சொல்கிறது வரைபடம் என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

சரியாக இல்லையென்றால் முதலில் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள். ஈயம் கடைசி வழி.

பறக்கும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

* புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டில் சோதிக்க வேண்டும். சுழலும் புரொப்பெல்லர் விரலை வெட்டிவிடும்.
* விமானத்தின் பின்னால் நின்று ரிமோட் குச்சியை வலப்பக்கம் தள்ளினால், வலது எய்லரான் மேலே எழ வேண்டும். டைகர் மாத்தில் எய்லரான் கீழ் இறக்கையில் மட்டும்தான்.
* குச்சியைத் தன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும்.
* ரிமோட்டை ஆஃப் செய்தால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். இதையும் புரொப்பெல்லர் இல்லாமல் சோதிக்க வேண்டும்.
* லிப்போ பேட்டரியை ஆள் இல்லாத நேரத்தில் சார்ஜ் போடக் கூடாது. உப்பிய பேட்டரியைப் பயன்படுத்தவே கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

எய்லரான் தலைகீழாக வேலை செய்வதைக் கவனிக்காமல் பறக்கவிட்டு உடைந்த விமானங்கள் ஏராளம். இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் 1 நிமிடம்.

இந்தியாவில் அனுமதி வேண்டுமா?

2021 ட்ரோன் விதிகளுக்குள் மாடல் விமானமும் வருகிறது. பொழுதுபோக்கு, கல்வி போன்றவற்றுக்காகக் கண்பார்வை தூரத்துக்குள் இயக்கும், 25 கிலோவுக்கு மிகாத மாடல்களுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை.

ஆனால் பைலட் உரிமம் தனி விஷயம். வணிக நோக்கம் இல்லாமல் இயக்கினால் 2 கிலோ வரை உரிமம் தேவையில்லை. அதைத் தாண்டினால் இந்தச் சலுகை கிடையாது. டைகர் மாத் அளவுள்ள மாடல் எளிதில் 2 கிலோவைத் தாண்டிவிடும். எந்த அளவில் கிட் வாங்குவது என்று முடிவு செய்யும்போதே இதை யோசிக்க வேண்டும்.

டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என வான்பகுதி பிரிக்கப்பட்டிருக்கும். பச்சையில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலையத்தைச் சுற்றி இந்த வரம்புகள் மாறும். ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுக் கிளம்புவதே பாதுகாப்பு.

முதல் நாள் எப்படிப் பறக்கவிடுவது?

இரட்டை இறக்கை விமானம் பழகுவதற்கான முதல் விமானம் அல்ல. கம்ப்யூட்டர் சிமுலேட்டரிலும், மேல் இறக்கை கொண்ட பயிற்சி மாடலிலும் கை பழகிய பிறகே இதற்கு வர வேண்டும். முதல் முறை அனுபவசாலி ஒருவர் கையில் ரிமோட்டைக் கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

காற்று குறைவான அதிகாலை நல்லது. காற்று வரும் திசையை நோக்கியே ஓட்டி எழுப்ப வேண்டும். இறங்கும்போது மோட்டாரை முழுவதும் நிறுத்திவிடக் கூடாது. இரண்டு இறக்கை, தூண்கள், கம்பிகள் எல்லாம் சேர்ந்து காற்றில் நிறைய தடையை உண்டாக்கும். மோட்டாரை நிறுத்தினால் வேகம் மளமளவென்று குறையும். சக்கரம் தரையைத் தொடும் வரை கொஞ்சம் மோட்டார் ஓடட்டும்.

இவ்வளவு செய்தும் விழலாம். அப்போது, முதலில் தாளில் வரைந்து வைத்த துண்டுகளை எடுங்கள். உடைந்த துண்டின் வடிவத்தைப் புதிய பால்சாவில் பதித்து, பிளேடால் வெட்டி, ஃபிலிமைக் கிழித்து ஒட்டினால் பல சேதங்களை ஒரே வாரத்தில் சரிசெய்துவிடலாம். ஒட்டிய இடத்தில் எடை கொஞ்சம் கூடியிருக்கும். அதனால் மைதானத்துக்குக் கிளம்பும் முன், ஈர்ப்பு மையத்தை மறுபடியும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.