கண்வலிக்கிழங்கு: மருந்தும் நஞ்சும்

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களில் முதலில் நிற்பது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான். கொங்கு நாட்டில் இதற்குக் கண்வலிக்கிழங்கு என்று பெயர். ஏர்க்கலப்பை போல வளைந்த கிழங்கு என்பதால் கலப்பைக் கிழங்கு என்றும், கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப் பூ என்றும் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் பிரசவம் தாமதமானால் கிழங்கை அரைத்து அடிவயிற்றிலும் உள்ளங்காலிலும் பற்றுப் போடுவது வழக்கம். கருவைக் கலைக்கும் என்பதால் வடமொழியில் 'கர்ப்பகாதினி' என்றே பெயர். சித்த வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் இதைத் தொடமாட்டார்கள்.

காரணம் இதிலுள்ள கோல்சிசின் என்ற நஞ்சு. 1820-ல் பெல்லெத்தியே, கவந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் ஐரோப்பியச் செடி ஒன்றில் இதைப் பிரித்தெடுத்தார்கள். இது செல்கள் பிரிந்து பெருகுவதைத் தடுக்கிறது. கீல்வாத வலிக்கு இன்றும் இதுவே மருந்து. 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்கெனத் தனி அனுமதியும் அளித்தது.

கொடுமுடிக்குத் தெற்கே மூலனூர், தாராபுரம் பக்கம் பந்தல் போட்டு இதைப் பயிரிடுகிறார்கள். காலை நேரத்தில் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். விதை வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது.

ஆனால் வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதைச் சாப்பிட்டு இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. சில மணி நேரத்தில் வாந்தி, பேதி தொடங்கும். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் முடி கொட்டும். எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து கிடையாது. அதனால் தின்றது தெரிந்தால் கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மீதிக் கிழங்கையும் கையோடு எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவும்.