பெலிக்காட் சொல்லும் பாடம்

மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் ‘காயின் பெலிக்காட்’ என்றுதான் பெயர். அந்தப் பெலிக்காட் நம்முடைய பழவேற்காடு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் பழவேற்காடு ஏரிக்கரையில் பண்டகசாலை வைத்தது. இரண்டே ஆண்டில் சாந்தோம் போர்ச்சுகீசியர்கள் வந்து அதை அழித்தார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. அதன்பின் முக்கால் நூற்றாண்டுக்குச் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுதான். கட்டத் துணி இங்கே கப்பலேறிக் கீழைக் கடல் தீவுகளுக்குப் போனது. ஏற்றிவிட்ட துறையின் பெயரே துணிக்கும் பெயராகிவிட்டது. 1687இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பிடம் வீழ்ந்து வடக்கே நிலைமை கலங்கியிருந்தது. 1690இல் கம்பெனி தன் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டது. துணியின் பெயர் மாறவில்லை. அடுத்த நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ தறிகளில் நெய்த கைக்குட்டையைக்கூடப் புலிக்காட் என்றே விற்றார்கள். ஆனால் அந்தப் பெயரால் பழவேற்காட்டுக்கு ஒரு பலனும் இல்லை. பெலிக்காட் என்று கேட்டு வாங்கியவரை இந்தக் கரைக்கு அழைத்துவர எந்த வழியும் மிஞ்சியிருக்கவில்லை. பெயர் பிழைப்பது வேறு, பெயரைத் தேடுகிறவர் நம்மிடம் வந்து சேர்வது வேறு.

இணையத்தில் முகவரி மாற்றுகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய வேறுபாடு இது. ஒரு தளத்தைப் பூட்டில்லாத எச்டிடிபி முகவரியிலிருந்து பூட்டுள்ள எச்டிடிபிஎஸ் முகவரிக்கு மாற்றினால் கூகுளில் சேர்த்து வைத்த இடம் போய்விடும் என்ற அச்சம் தமிழ்த் தளங்கள் நடத்துகிறவர்களிடம் நெடுநாள் இருந்தது. இன்னும் முழுதாக நீங்கவில்லை. இடம் மாறுவதால் மட்டும் எந்தத் தளமும் தேடலில் பின்தங்குவதில்லை, பழைய வாசலை அடைத்துவிட்டுப் போவதால்தான் பின்தங்குகிறது என்பது என் வாதம். தமிழ் இணையத்தின் வரலாறே இதற்குச் சாட்சி.

நம் இணையம் கண்ட முதல் பெரிய இடமாற்றம் எழுத்துக் குறியீட்டில் நடந்தது. யூனிகோட் 1991இல் வெளிவந்தபோதே அதில் தமிழ் இருந்தது. ஆனாலும் பல ஆண்டுகளுக்கு ஆளுக்கொரு எழுத்துருவில்தான் தமிழ்ப் பக்கங்கள் வந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளை ஏற்றது. உலகெங்கும் பரவியிருந்த தமிழர்களிடையே டிஸ்கி என்ற குறியீடு வழங்கியது. ஈழத்தமிழர்கள் பாமினி எழுத்துருவில் எழுதினார்கள். பாமினியில் ‘பழவேற்காடு’ என்று தட்டினால் திரையில் தமிழ் தெரியும். கணினிக்குள் பதிவாவதோ எட்டு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். யூனிகோடில் பழவேற்காடு என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, 2010இல். அதற்குள் பல தளங்கள் பழைய பக்கங்களைக் கைகழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருந்தன. இலவசமாகத் தளம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை யாகூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடியபோது அங்கே குடியிருந்த பக்கங்கள் பலவும் பழைய முகவரியில் கிடைக்காமல் போயின.

இதே காலத்தில் இடம் மாறியும் எதையும் தொலைக்காத ஒரு முயற்சியும் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை டிஸ்கியில் தந்தது, பிறகு யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நூலுக்கும் முதலில் கொடுத்த வரிசை எண்ணை மாற்றவில்லை. திருக்குறள் அன்றைக்கும் இன்றைக்கும் முதல் எண்தான். பழைய வடிவத்தையும் புதியதன் பக்கத்திலேயே வைத்திருந்தது. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, நல்ல முகவரி மாறக்கூடாது என்று எழுதியதும் அதே 1998இல்தான். தன்னார்வலர்கள் கூடி நடத்திய ஒரு திட்டம் அதைச் செய்து காட்டியது.

பூட்டுள்ள முகவரியின் கதையும் இதையே சொல்கிறது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1994இல் உருவாக்கிய இந்த முறை வெகுகாலம் வங்கிகளுக்கும் கடைகளுக்கும் மட்டுமே என்று இருந்தது. அதற்கான சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2014 ஆகஸ்டில் கூகுள், பூட்டுள்ள தளங்களுக்குத் தரவரிசையில் சிறு முன்னுரிமை உண்டு என்று அறிவித்தது. தொடக்கத்தில் அது நூற்றில் ஒரு தேடலைக்கூடத் தொடவில்லை என்பதையும் அதுவே சொன்னது. 2015 ஜூனில் தமிழ் விக்கிப்பீடியா உள்ளிட்ட விக்கிமீடியா தளங்கள் எல்லாம் பூட்டுள்ள முகவரிக்கு மாறுவதாக அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசச் சான்றிதழை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2018 ஜூலையில் வந்த குரோம் 68 உலாவி, பூட்டில்லாத எல்லாத் தளங்களையும் பாதுகாப்பற்றவை என்று முகவரிப் பட்டையிலேயே குறித்தது.

முகவரி மாறியதால் விக்கிப்பீடியா தேடலில் காணாமல் போகவில்லை. காரணம் எளிது. பழைய முகவரியைத் தட்டினால் சர்வர் 301 என்ற எண்ணையும் புது முகவரியையும் ஒரே பதிலில் தருகிறது: நிரந்தரமாக இடம் மாறிவிட்டேன், இங்கே வா. உலாவியும் கூகுளும் அதைப் படித்துப் புது வாசலுக்குப் போகின்றன. பழைய பக்கத்துக்குப் பிறர் கொடுத்திருந்த இணைப்புகளின் மதிப்பும் கூடவே போகிறது. இந்தத் திருப்பத்தில் மதிப்பின் ஒரு பங்கு கரைந்துவிடும் என்ற பேச்சு முன்பு பரவியிருந்தது. அப்படிக் கரைவதில்லை என்று கூகுள் ஊழியர்கள் 2016இல் வெளிப்படையாகவே சொன்னார்கள். தளங்கள் சறுக்கியது வேறு இடங்களில். பழைய பக்கங்கள் அனைத்தையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிட்டார்கள். படங்களைப் பழைய முகவரியிலிருந்தே இழுத்தார்கள். தளத்துக்குள் இருந்த இணைப்புகளையும் தளவரைபடத்தையும் திருத்தாமல் விட்டார்கள். ஐந்நூறு பக்கம் இருந்தால் ஐந்நூறுக்கும் தனித்தனியே வழி காட்ட வேண்டும். மாறிய சில வாரங்களுக்குத் தரவரிசை ஏறி இறங்கும் என்பது உண்மை. அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து பாதியில் திரும்பியவர்களுக்கே நட்டம் அதிகம்.

எங்கள் தளத்தில் பணமும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை, செய்தி மட்டும்தான். அதற்கு எதற்குப் பூட்டு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2015இல் இந்தியாவின் பெரிய தொலைபேசி நிறுவனம் ஒன்றின் 3ஜி இணைப்பில், பயனர் பார்க்கும் பக்கங்களுக்குள் அந்தப் பக்கங்களை எழுதியவருக்குத் தெரியாத நிரல் வழியிலேயே நுழைக்கப்படுவதைப் பெங்களூரு நிரலாளர் ஒருவர் கண்டுபிடித்து வெளியிட்டார். பூட்டில்லாத பக்கத்தில்தான் இப்படிக் கைவைக்க முடியும். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் கடலுக்குப் போகிறவர் காற்று எச்சரிக்கையைக் கைப்பேசியில் பார்க்கிறார். அனுப்பியது அனுப்பியபடியே கையில் வந்து சேர வேண்டும். ஓர் எண் மாறினாலும் போவது படகும் உயிரும். அங்கே பணம் இல்லை என்பதற்காகப் பூட்டு வேண்டாம் என்று சொல்ல முடியாது.

பூட்டு இருந்தால் தளம் நேர்மையானது என்று ஆகிவிடுமா என்றும் கேட்கலாம். ஆகாது. மோசடித் தளமும் இலவசச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளும். பூட்டுப் படத்தைப் பார்த்து மக்கள் தவறாக நம்புகிறார்கள் என்பதால் 2023இல் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. வழியில் யாரும் திருத்தவில்லை என்பதற்கு மட்டுமே பூட்டு பொறுப்பு. எழுதியது உண்மையா என்பதற்கு எழுதியவர்தான் பொறுப்பு. பழைய கைப்பேசிகள் புதுச் சான்றிதழை ஏற்பதில்லை என்ற குறையிலும் உண்மை இருக்கிறது. ஏழைகளைப் பாதிக்கிற குறை அது. அதற்காகக் கதவைத் திறந்துபோட்டுவிட முடியாது. அதே எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாகவும் ஒலிபெருக்கியிலும் சேர்த்துச் சொல்வதுதான் வழி.

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மணல் சேர்ந்து தூர்ந்துகொண்டே இருக்கும். தூர்ந்தால் கடல்நீரும் இறால் குஞ்சும் உள்ளே வராது, படகு வெளியே போகாது. ஒருமுறை வெட்டிவிட்டோம் என்று யாரும் கைகட்டி இருக்க முடியாது. பழைய முகவரியிலிருந்து புதியதற்குப் போகும் திருப்பமும் அப்படித்தான். குறைந்தது ஓராண்டு வைத்திருங்கள் என்கிறது கூகுள். தளம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது, தளம் உள்ள நாள்வரை வைத்திருங்கள். சான்றிதழ் காலாவதியாகும் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுக்கு முன் குறித்து வைத்த முகவரியோடு ஒருவர் இன்னும் வந்துகொண்டிருப்பார். அவருக்கு வாசல் திறந்திருக்கட்டும்.