அறுந்த நரம்புகளை ஒட்டும் முயற்சிகள்

ஆழமான வெட்டுக்காயமொன்று ஆறிய பின்னரும் விரல்கள் அசைவின்றியும் உணர்ச்சியின்றியும் இருப்பின், உள்ளே நரம்பு அறுந்திருக்கக்கூடும். மூளை, முண்ணாண் ஆகியவற்றின் இழைகளைப் போலன்றி, புறநரம்புகள் மீள வளரும் ஆற்றல் கொண்டவை. ஆனால் அவ்வளர்ச்சி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் மாத்திரமே.

அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ள நரம்பிழைகள் சிதைந்துவிடுகின்றன என்பதைத் தவளையின் நாக்கு நரம்புகளை ஆராய்ந்து 1850 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியவர் அகஸ்டஸ் வாலர். எஞ்சும் வெற்றுறைகளில் வரிசையாக நிற்கும் சுவான் கலங்களே புதிய இழைகளுக்கு வழிகாட்டுகின்றன.

இரு முனைகளும் நெருங்கியிருப்பின் நேரடியாகத் தைக்கலாம். இடைவெளி இருந்தபோதும் இழுத்துத் தைப்பதே முன்னைய வழக்கம். அவ்விழுவிசையால் குருதியோட்டம் குன்றி, தழும்பு வழியை அடைத்துவிடும். இழுவிசையின்றி இடையில் நரம்பொட்டு வைப்பதே சிறந்ததென்பதை வியன்னாவைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஹன்னோ மில்லேசி 1970களில் நிலைநாட்டினார். ஒட்டுக்குரிய நரம்பு பெரும்பாலும் நோயாளியின் கெண்டைக்காலிலிருந்தே எடுக்கப்படுகிறது. அதனால் பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போகும். ஒரு குறையைத் தீர்க்க இன்னொரு குறையை உண்டாக்கும் இம்முறையை விஞ்சுவதற்கு இன்றுவரை வேறொன்று வரவில்லை என்பது விந்தையே.

கொலாஜன் முதலியவற்றாலான, உடலில் தானே கரையும் குழாய்கள் ஒரு மாற்று வழி. நரம்பின் இரு முனைகளையும் குழாய்க்குள் செருகிவிட்டால் இழைகள் அதனூடாக வளரும். எனினும் மூன்று சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளிகளில் இவற்றை நம்பவியலாது. வழிகாட்டும் சுவான் கலங்கள் வெற்றுக்குழாயில் இல்லை. இறந்தோரிடமிருந்து பெற்று, கலங்கள் அகற்றப்பட்ட நரம்புகளும் பயன்படுகின்றன. இவற்றை உடல் நிராகரிப்பதைத் தடுக்கும் மருந்துகள் தேவையில்லை. சுவான் கலங்களை வளர்த்துக் குழாயில் இடும் ஆய்வுகளும் தொடர்கின்றன. ஆனால் அக்கலங்களைப் பெருக்குவதற்கே வாரக்கணக்கில் செல்லும்.

தாமதமோ இங்கு பெரும் பகை. நரம்புத் தொடர்பிழந்த தசை ஒன்று, ஒன்றரை ஆண்டுகளில் மீட்கவியலாதவாறு நலிந்துவிடும். தோளருகே நரம்பு அறுந்தால், உள்ளங்கைத் தசைகளுக்குரிய தூரம் அரை மீற்றரை விஞ்சும். மில்லிமீற்றர் கணக்கில் இது ஐந்நூறு நாட்களுக்கும் அதிகம். எத்துணை நேர்த்தியான ஒட்டும் அங்கு பிந்தியே போய்ச்சேரும். இதனாலேயே, அருகிலுள்ள நல்ல நரம்பின் ஒரு பகுதியைத் தசையின் வாயிலில் இணைக்கும் முறையை பிரான்ஸின் ஒபர்லின் 1994 இல் அறிமுகப்படுத்தினார். முழங்கையை மடக்கும் ஆற்றலைப் பலர் இதனால் மீளப் பெற்றுள்ளனர்.

குழாய்களும் பதப்படுத்திய நரம்புகளும் எட்டாத வைத்தியசாலைகளிலும் ஒன்று இயலும்: கைக்காயத்தைத் தைக்குமுன் விரல் நுனிகளின் உணர்ச்சியையும் பெருவிரலின் அசைவையும் பரிசோதிப்பது. அதற்குச் சில நிமிடங்கள் போதும்.