தப்பாக வெட்டிப் பார்க்க ஓர் இடம்

எல்லிஸ் ஆர். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. சினிமா தெரியும். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாகப் படித்துவிட்டு, கூடப் படித்த மாணிக் லால் டாண்டன் அழைத்ததால் 1935இல் இந்தியாவுக்கு வந்தவர். ‘சதி லீலாவதி’, ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘மீரா’, ‘மந்திரி குமாரி’ என்று பதினைந்து வருடம் இங்கே படம் எடுத்தார். எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தலைகாட்டியது 1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’யில். தரமணியில் உள்ள அரசு திரைப்படக் கல்லூரிக்கு இன்று எம்.ஜி.ஆர். பெயர். வகுப்பில் சினிமா படித்த ஒருவரின் படத்தில் அறிமுகமான நடிகரின் பெயர் சினிமா வகுப்புக்கே வந்து சேர்ந்திருப்பது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. என் மாணவர்களிடம் வருடாவருடம் இதைச் சொல்கிறேன். “அப்படியா சார்” என்றுவிட்டு லேப்டாப்பைத் திறந்துவிடுகிறார்கள்.

நான் ஒரு கல்லூரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பிள்ளைகளுக்கு எடிட்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். நானே எந்த வகுப்பிலும் அதைப் படித்ததில்லை. எண்பதுகளில் கோடம்பாக்கத்தில் உதவி எடிட்டராகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துப் பழகியவன். அதனால்தானோ என்னவோ, இந்த வகுப்புகள் எப்படி வந்தன என்ற கதையில் எனக்கு ஆர்வம் அதிகம். கொஞ்சம் பொறாமையும் உண்டு.

தமிழ் சினிமாவின் ஆரம்பத்தில் வகுப்பு ஏது? தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வதம்’ எடுத்த நடராஜ முதலியார் அடிப்படையில் மோட்டார் உதிரிபாக வியாபாரி. பூனாவில் இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் போய் கேமராவைச் சுழற்றக் கற்றுக்கொண்டு வந்தார். அவ்வளவுதான் படிப்பு. பிறகு ஸ்டூடியோக்கள் வந்தபோது படிப்பு எடிட்டிங் ரூமுக்குள் குடிபுகுந்தது. ‘பராசக்தி’யின் டைட்டிலில் எடிட்டிங் என்று ‘பஞ்சாபி’ பெயர் வருமே, அது இயக்குநர்கள் கிருஷ்ணன் பஞ்சு இரட்டையரில் பஞ்சுதான். அவர்களிடம் உதவி எடிட்டராக இருந்தவர் ‘பா’ வரிசைப் படங்களின் ஏ. பீம்சிங். பீம்சிங்கின் மகன் எடிட்டர் லெனின். இந்தப் பக்கம் ஏவி.எம். எடிட்டிங் பிரிவில் உதவியாளராக உட்கார்ந்து தொழில் பழகியவர் இயக்குநர் எஸ்.பி. முத்துராமன். கேமராவுக்குப் பின்னால் நின்று கற்றவர்களும் உண்டு. ஆனால் கதை எங்கே தொய்கிறது, எங்கே கைதட்டல் விழும் என்பதைத் தினமும் கண்ணெதிரே பார்க்கிற வாய்ப்பு அந்த இருட்டறையில் இருந்தவனுக்குத்தான்.

அந்த அறையில் உதவியாளன் என்ன செய்தான்? 35 எம்.எம். ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். ஆக நிமிடத்துக்கு 90 அடி, ஆயிரம் அடி ரீல் பதினொரு நிமிடம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. அது வெட்டி முடித்த கணக்கு. எடுத்தது அதைப்போலப் பல மடங்கு இருக்கும். லேபிலிருந்து ரஷ் பிரிண்ட் வரும். கிளாப் கட்டை மூடுகிற ஃபிரேமைத் தேடி, சவுண்டில் அந்த ‘டக்’ விழுகிற இடத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். ஓரத்தில் ஓடும் எட்ஜ் நம்பரை நோட்டில் குறிக்க வேண்டும். எடிட்டர் வெட்டிப் போடும் துண்டுகளை, எத்தனையாவது சீன், எத்தனையாவது ஷாட் என்று எழுதி, துணி விரித்த கூடைக்கு மேல் ஊசியில் மாட்ட வேண்டும். நான்கு ஃபிரேம் துண்டுகூடத் தொலையக் கூடாது. அவர் நாளைக்குத் திடீரென்று அதைக் கேட்பார்.

ஒட்டுவதில் தனி வித்தை உண்டு. ஃபிலிமின் எந்தப் பக்கம் படம் பதியும் எமல்ஷன் என்று வெளிச்சம் குறைந்த அறையில் எப்படிக் கண்டுபிடிப்பது? உதட்டில் வைத்துப் பார்ப்போம். ஒட்டிக்கொள்ளும் பக்கம் எமல்ஷன். அதை பிளேடால் சுரண்டி, சிமெண்ட் தடவி, ஸ்பிளைசரில் அழுத்திப் பிடிப்போம். ஒட்டின ஜாயின்ட்டைப் பிரித்தால் ஒரு ஃபிரேம் போய்விடும். அதனால் வெட்டுவதற்கு முன் யோசிப்பது ஒரு பழக்கமாகவே ஆனது. இத்தாலியில் ஃபெல்லினியின் எடிட்டராக இருந்த லியோ கத்தோட்சோ டேப்பால் ஒட்டும் ஸ்பிளைசரை உருவாக்கிய பிறகுதான், ஃபிரேம் இழக்காமல் வெட்டி, பிரித்து, மறுபடி ஒட்ட முடிந்தது. ‘லா டோல்ச்சே வீட்டா’வை எடிட் செய்தவர் அவர். எடிட்டிங் கற்பவர்களுக்கு இவ்வளவு நல்லது செய்த கருவி வேறு இல்லை என்பேன். கம்ப்யூட்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இத்தனை வேலை செய்தும் உதவியாளன் வெட்டமாட்டான். சுருட்டுவான், தேடுவான், ஒட்டுவான். எங்கே வெட்டுவது என்பது மட்டும் எடிட்டரின் கை. மூவியோலா என்ற எடிட்டிங் மெஷினில் குனிந்து பார்க்க ஒரு சின்னத் திரைதான். அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பென்சிலால் ஃபிரேமில் கோடு போடுவார். ஏன் அங்கே போட்டார் என்று கேட்கிற வழக்கம் இல்லை. இரண்டு மூன்று படம் கழித்துத் தானாகப் புரியும், அல்லது புரியாது. இதைக் குருகுலம் என்று இன்று சிலாகித்து எழுதுகிறார்கள். எனக்கு அவ்வளவு பரவசம் இல்லை. குருகுலத்தில் சேர யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் கதவு அநேகமாகத் திறக்காது. கையில் வேலை இருக்கும், கத்திரி இருக்காது.

மாஸ்கோவில் இதற்கு நேரெதிராக ஒன்று நடந்தது. 1919இல் அங்கே தொடங்கியதுதான் உலகின் முதல் அரசுத் திரைப்படப் பள்ளி. உள்நாட்டுப் போர், முற்றுகை. கச்சா ஃபிலிம் நாட்டுக்குள் வருவதே அபூர்வம். லெவ் குலெஷோவ் என்ற இருபது வயது ஆசிரியரிடம் மாணவர்கள் இருந்தார்கள், எடுக்க ஃபிலிம் இல்லை. ‘ஃபிலிம் இல்லாத படங்கள்’ எடுத்தார்கள். அதாவது ஷாட் ஷாட்டாகப் பிரித்து மேடையில் நடித்துக் காட்டினார்கள். கையில் கிடைத்த பழைய படங்களை வெட்டி வேறு மாதிரி ஒட்டினார்கள். கிரிஃபித்தின் ‘இன்டாலரன்ஸ்’ அவர்கள் கையில் படாதபாடு பட்டது. எல்லாரும் மேற்கோள் காட்டுகிற சோதனையும் இந்தக் காலத்ததுதான். நடிகர் மோஷுகினின் ஒரே முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும் சேர்த்துக் காட்டினால், பார்ப்பவர்கள் ஒன்றில் பசியையும் மற்றொன்றில் துக்கத்தையும் கண்டார்கள் என்பார்கள். அந்தத் துண்டுகள் இன்று மிஞ்சவில்லை. மாணவராக இருந்த புடோவ்கின் பின்னால் எழுதியதை வைத்துத்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். ஐசன்ஸ்டைனும்கூட, வெளிநாட்டுப் படங்களைச் சோவியத் பார்வையாளர்களுக்காக மறுபடி வெட்டிக்கொண்டிருந்த எஸ்ஃபிர் ஷூப் என்ற பெண்ணின் மேஜையருகே உட்கார்ந்து, ஃபிரிட்ஸ் லாங்கின் ‘டாக்டர் மாபூஸே’வை வெட்டியவர்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது சூப் கிண்ணம் அல்ல. தயாரிப்பாளர் இல்லை, ரிலீஸ் தேதி இல்லை, பதினெட்டு வயதுப் பையன் இன்னொருவரின் படத்தைக் கன்னாபின்னாவென்று வெட்டலாம், கெட்டுப்போனால் யாருக்கும் நஷ்டமில்லை. கோடம்பாக்கத்தில் நாங்கள் யாரும் பார்க்காத சுகம் அது.

நம் ஊரில் அரசாங்கம் சினிமாவை வகுப்புக்குள் கொண்டுவந்தது 1945இல். சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பாடமாயின. லேத், வெல்டிங் மாதிரி இவையும் இயந்திரத் தொழில் என்பது அன்றைய கணக்கு. டைரக்‌ஷனும் எடிட்டிங்கும் பின்னால்தான் ஒட்டிக்கொண்டன. தமிழ் சினிமாவின் ஒளிப்பதிவு எழுபது எண்பதுகளில் அவ்வளவு கூர்மையானதற்கும் இந்த முன்பின்னுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது என் சந்தேகம். அந்தப் பாடப்பிரிவுதான் பின்னால் தரமணித் திரைப்படக் கல்லூரியானது; ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர்தான். இன்னொரு பக்கம், 1951இல் அறிக்கை தந்த எஸ்.கே. பாட்டீல் விசாரணைக் குழு பயிற்சி நிறுவனம் வேண்டுமென்று சொல்ல, 1960இல் பூனாவில் பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்திலேயே மத்திய அரசின் நிறுவனம் வந்தது. ரித்விக் கட்டக் அங்கே பாடம் நடத்தினார். எடிட்டிங் படித்து அங்கிருந்து வெளிவந்தவர்களில் ரேணு சலூஜா முக்கியமானவர். ‘அர்த் சத்யா’, ‘பரிந்தா’ எல்லாம் அவர் வெட்டியவை. ஸ்டூடியோவின் எடிட்டிங் ரூமை மட்டும் நம்பியிருந்தால் அவரைப் போன்ற ஒரு பெண் வந்திருக்க வழியே இல்லை. வகுப்பால் என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பெயர் அதுதான்.

சென்னையில் அந்தக் கேள்வி 1986 வரை ரொம்ப உரக்கவே கேட்டது. திரைப்படக் கல்லூரியில் படித்த ‘இன்ஸ்டிட்யூட் பசங்க’ என்றால் ஏட்டுச் சுரைக்காய் என்று கோடம்பாக்கத்தில் ஓர் இளக்காரம். யூனியன் கார்டு கிடைப்பதே பாடு. அந்த வருடம் ஆபாவாணனும் ஆர். அரவிந்தராஜும் கூடப் படித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ‘ஊமை விழிகள்’ எடுத்தார்கள். சினிமாஸ்கோப், விஜயகாந்த், மிரட்டுகிற ஓசைகள். படம் ஓடியது. அதற்குப் பின் டீக்கடையில் பேச்சு மாறியது. எங்கள் எடிட்டர் ஒருநாள் மத்தியானம் தியேட்டருக்குப் போய்விட்டு வந்து, “பயலுங்க சவுண்டை எங்கே விட்டிருக்கானுங்க பாருய்யா” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. நாலு வருடம் கழித்து ஆர்.கே. செல்வமணியின் ‘புலன் விசாரணை’ வந்தபோது இன்ஸ்டிட்யூட் என்ற வார்த்தை போஸ்டருக்கே ஆகிற வார்த்தையாகிவிட்டது.

வீடியோ வந்த காலத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். இரண்டு யூமேட்டிக் டெக்குகளை வைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பதிவு செய்வதுதான் எடிட்டிங். நடுவில் ஒரு ஷாட்டை நீளமாக்க வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் படம் மங்கும். பொறுமையைத் தவிர அது யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1989இல் கம்ப்யூட்டரில் வெட்டுகிற ஆவிட் வந்தது. 1994இல் வெளிவந்த கமல்ஹாசனின் ‘மகாநதி’ ஆவிடில் எடிட் ஆனபோது கோடம்பாக்கம் கொஞ்சம் திகைத்தது. நெகட்டிவ் கட்டிங் தொடர்ந்தது, லேப் தொடர்ந்தது. ஆனால் கூடைகள் காலியாகின. துண்டுகளைத் தேடுகிறவன் தேவையில்லாமல் போனான். அதைவிட முக்கியம், எடிட்டரின் தோளுக்குப் பின்னால் நிற்கக் காரணமில்லாமல் போனது. உதவியாளர்கள் வேறொரு நேரத்தில் வந்து, ஃபுட்டேஜை ஏற்றிவிட்டுப் போனார்கள். வெட்டுகிற கையைப் பார்க்காமலே இரண்டு வருடம் வேலை பார்த்த பையன்களை எனக்குத் தெரியும். வகுப்பின் மதிப்பு உண்மையில் கூடியது அப்போதுதான். இந்த முறை பழைய எடிட்டிங் ரூம் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் அது ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதைப் பல கல்லூரிகள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை, மென்பொருளின் பட்டன்களைச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று நினைக்கின்றன.

என் வகுப்பில் முதல் மாதம் யாரும் எதையும் எடுக்கக் கூடாது. பழைய படமொன்றில் ஒரு காட்சியைக் கொடுத்துவிடுவேன். அதை ஒருமுறை சண்டையாகவும் ஒருமுறை காதலாகவும் வெட்டிக்கொண்டு வர வேண்டும். குலெஷோவிடம் அடித்த காப்பிதான். பிறகு பெரிய திரையில் போட்டு, எல்லாரும் பார்க்க, ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் கேட்பேன். “நல்லா இருந்துச்சு சார்” என்பது பதிலாகாது. எனக்குக் கேட்கக் கிடைக்காத கேள்வியை இவர்களிடம் அளவுக்கு மீறிக் கேட்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

போன தடவை படித்துமுடித்த ஒரு பெண் இப்போது சாலிகிராமத்தில் சீரியல் எடிட் சூட் ஒன்றில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறாள். தினம் ஓர் எபிசோட் போயாக வேண்டும். வேலை என்னம்மா என்று போனில் கேட்டேன். “சிங்க் பண்றது சார், கிளாப் தேடித் தேடி. கார்டு கார்டா வருது, பேர் வெச்சு ஃபோல்டர்ல போடறது. அண்ணன் டீ குடிக்கப் போறப்ப மட்டும் ஒரு சீன் நானா வெட்டி வெச்சுடறேன். வந்து பாத்துட்டு முக்கால்வாசியக் கலைச்சுடுவாரு.” எதையெல்லாம் கலைத்தார் என்று எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.