ஐந்தாம் சக்கர டிரெய்லர் வீடுகளின் டயர்கள்: தேர்வின் வரலாறு

ஐந்தாம் சக்கர டிரெய்லர் வீடு என்பது பிக்கப் லாரியின் பின்தட்டில் உள்ள இணைப்பில் மாட்டி இழுத்துச் செல்லப்படும் பயண வீடாகும். படுக்கை, சமையலறை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய அனைத்தும் இதில் இருக்கும். தமிழ்நாட்டில் திரைப்படப் படப்பிடிப்புக்கு வரும் கேரவன்களில் பல சொந்த இயந்திரத்தால் ஓடுபவை. டிரெய்லர் வீட்டுக்கு இயந்திரம் கிடையாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் விடுமுறைப் பயணம் செல்வோரும், பணி ஓய்வுக்குப் பின் ஊர் ஊராகத் தங்கி வாழ்வோரும் இதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

இவ்வண்டியின் டயர்களை மாற்றும்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்நாடுகளில் நெடுங்காலமாக விவாதிக்கப்படும் கேள்வி. விவாதம் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரையும் தயாரான நாட்டையும் சுற்றியே நடக்கிறது. ஆனால் இவ்வகை டயர்களின் வரலாறு, சுமை, காற்றழுத்தம், வேகம், வயது ஆகிய நான்குமே டயரின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்பதைக் காட்டுகிறது.

பெயர்க் காரணம்

நான்கு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக, அச்சுக்கு மேலே ஒரு வட்டத் தட்டு படுக்கைவாட்டில் பொருத்தப்பட்டது. தரையில் ஓடும் நான்கு சக்கரங்களோடு இதுவும் சக்கரம் போலத் தோன்றியதால் ஐந்தாம் சக்கரம் எனப் பெயர் பெற்றது.

மோட்டார் லாரிகள் வந்தபோது இந்தப் பெயர் லாரிக்கும் டிரெய்லருக்கும் இடையிலான இணைப்புத் தட்டுக்கு மாறியது. 1914-இல் டெட்ராய்ட் நகரக் கொல்லரான ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப், மர வணிகர் ஒருவரின் படகை ஃபோர்டு காரின் பின்னால் இழுத்துச் செல்ல ஒரு டிரெய்லரைச் செய்து கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் சார்லஸ் மார்ட்டின் என்பவர் லாரிகளுக்கான ஐந்தாம் சக்கர இணைப்பை உருவாக்கினார். சென்னை, தூத்துக்குடி துறைமுகங்களுக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளிலும் இவ்வகை இணைப்பையே காணலாம்.

பயண வீட்டுக்கு இம்முறையைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் விமானத் துறை வல்லுநர் கிளென் கர்டிஸ். 1920-களின் இறுதியில் வெளிவந்த அவரது ஏரோகார் என்னும் டிரெய்லர், காற்றடைத்த ஒரு விமானச் சக்கரத்தைப் படுக்கைவாட்டில் வைத்து அதையே இணைப்பாகக் கொண்டிருந்தது. சாலையின் அதிர்ச்சியை அந்தச் சக்கரம் ஏற்றுக்கொண்டது.

பின்னாளில் பிக்கப் லாரிகள் வலுப்பெற்றதும் இணைப்பு அவற்றின் பின் அச்சுக்கு மேலே அமைந்தது. இதனால் டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை லாரி தாங்குகிறது. இந்தப் பங்கைக் கழித்துவிட்டே பல தயாரிப்பாளர்கள் அச்சுகளையும் டயர்களையும் அளவிட்டனர். ஆகவே டயர்கள் தம் உச்ச வரம்பை ஒட்டியே சுமை சுமந்தன. பின்னாளில் எழுந்த சிக்கல்கள் பலவற்றுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குறுக்கு இழையிலிருந்து ரேடியலுக்கு

காற்றடைத்த டயருக்கு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இல் காப்புரிமை பெற்றார். அது வழக்கத்துக்கு வரவில்லை. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் அதனை மறுபடியும் கண்டுபிடித்த பிறகே மிதிவண்டிகளிலும் பின்னர் மோட்டார் வண்டிகளிலும் பரவியது.

டயரின் உட்புறத்தில் உள்ள நூலிழைகள் தொடக்கத்தில் ஒன்றையொன்று சாய்வாகக் குறுக்கிட்டன. இது குறுக்கு இழை டயர் எனப்படும். டயர் உருளும்போது இந்த அடுக்குகள் ஒன்றோடொன்று உராய்ந்து வெப்பத்தை உண்டாக்கின. பிரான்சின் மிச்செலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரில் இழைகள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகச் சென்றன. அவற்றின் மேல், தரையைத் தொடும் பட்டைக்குக் கீழே, எஃகுக் கம்பிப் பட்டிகள் சுற்றப்பட்டன. இதனால் வெப்பம் குறைந்து ஆயுள் கூடியது.

அமெரிக்கக் கார்களில் ரேடியல் 1970-களில் பரவியது. டிரெய்லர்களில் குறுக்கு இழை டயர்கள் அதன் பின்னரும் நீடித்தன. அவை விலை குறைந்தவை. பக்கச் சுவர் விறைப்பாக இருந்ததால் வண்டி பக்கவாட்டில் ஆடுவதும் குறைவு.

ரேடியலுக்கு மாறியபோது டிரெய்லருக்கே உரிய ஒரு சிக்கல் வெளிப்பட்டது. இவ்வண்டிகளில் இரண்டு அல்லது மூன்று அச்சுகள் அருகருகே இருக்கின்றன. அவற்றின் சக்கரங்கள் காரின் முன் சக்கரங்களைப் போலத் திரும்பாதவை. வண்டி வளைவில் திரும்பும்போது டயர்கள் பக்கவாட்டில் இழுக்கப்படுகின்றன. அப்போது எஃகுப் பட்டிகளின் ஓரங்களில் பிரிக்கும் விசை உண்டாகிறது. நாளடைவில் பட்டிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து, மேற்பட்டை உரிந்து பறக்கக்கூடும். அந்த அடியில் சக்கரத்தை ஒட்டியுள்ள தரைப்பலகை, தண்ணீர்க் குழாய், மின்கம்பி ஆகியவையும் கிழிந்து போவதுண்டு.

ஒரே அளவு, இரண்டு சுமை

டிரெய்லருக்கென்றே செய்யப்படும் டயரின் பக்கச் சுவரில் எஸ்டி என்ற எழுத்துகள் இருக்கும். சிறு லாரிக்கான டயரில் எல்டி என்றிருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே தோன்றும். எண்களை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும்.

235/85ஆர்16 அளவுள்ள, இ என்னும் சுமைத்தர எழுத்துடைய எல்டி டயர், 80 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் சுமார் 1,380 கிலோ தாங்கும். அதே அளவு, அதே எழுத்து, அதே காற்றழுத்தம் கொண்ட எஸ்டி டயருக்குச் சுமார் 1,650 கிலோ அனுமதிக்கப்படுகிறது. அளவும் காற்றும் ஒன்றாக இருக்க, 270 கிலோ எங்கிருந்து கூடுகிறது?

இதற்குரிய பெரிய காரணம் வேகம். எஸ்டி டயரின் சுமைக் கணக்கு, அது மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது என்ற அடிப்படையில் அமைந்தது. வேகம் குறைந்தால் வெப்பம் குறையும். வெப்பம் குறைந்தால் கூடுதல் சுமையை அனுமதிக்கலாம். கூடுதல் சுமைக்கு ஈடாக வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

வேக வரம்பின் மாற்றம்

எண்ணெய் நெருக்கடியின்போது, 1974-ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்கா முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பு சட்டமானது. அந்த நாட்களில் 65 மைல் வரம்புள்ள டயர் போதுமானதற்கும் மேலாகவே இருந்தது. 1987-இல் ஊர்ப்புறப் பெருநெடுஞ்சாலைகளில் 65 மைல் அனுமதிக்கப்பட்டது. 1995-இல் தேசிய வரம்பே நீக்கப்பட்டு, முடிவு மாநிலங்களிடம் விடப்பட்டது. 2012-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஒரு சாலையில் 85 மைல் வரை அனுமதி வந்தது.

சாலைகளின் வேகம் கூடியது. இழுக்கும் லாரிகளின் ஆற்றலும் கூடியது. ஆனால் டிரெய்லர் டயரின் சுமைக் கணக்கு பழைய வேகத்திலேயே நின்றது. 70 மைல் வேகத்தில் செல்லும் ஓட்டுநர், தாம் டயரின் வரம்பை மீறுவதை அறியவும் வழியில்லை. பல டயர்களில் வேக எழுத்து அச்சிடப்படவே இல்லை.

2000-ஆம் ஆண்டின் திருப்புமுனை

2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் மேற்பட்டை உரிந்து, வண்டி கவிழ்ந்த விபத்துகளே காரணம். இவ்விபத்துகளோடு தொடர்புபடுத்தப்பட்ட இறப்புகள் 270-க்கும் மேல். டயரின் தயாரிப்பு, வண்டியின் அமைப்பு ஆகியவற்றோடு காற்றழுத்தமும் சர்ச்சைக்குள்ளானது. ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பி.எஸ்.ஐ.; ஃபயர்ஸ்டோன் பின்னர் 30 பி.எஸ்.ஐ. வேண்டும் என்றது.

அதே ஆண்டு நவம்பரில் டயர் பாதுகாப்பு குறித்த புதிய சட்டம் கையெழுத்தானது. அதன்படி 2003-இல் புதிய தரவிதி வெளியாகி, 2007-இல் கட்டாயமானது. 1968 முதல் நடைமுறையில் இருந்த கார் டயர் விதியில் 34 மணி நேரத் தாங்குதிறன் சோதனை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தது. புதிய விதி அந்த வேகத்தை 120 கிலோமீட்டராக உயர்த்தியது. காற்று குறைந்த நிலையில் ஓடும் சோதனையையும் சேர்த்தது.

ஆனால் எஸ்டி டயர்களுக்கு இந்தப் புதிய விதி பொருந்தாது என அதிலேயே விலக்கு அளிக்கப்பட்டது. அவை பழைய விதிகளின் கீழேயே தொடர்ந்தன. தேய்மானம், பிடிப்பு, வெப்பத் தாங்குதிறன் ஆகியவற்றைக் குறிக்கும் தர மதிப்பீடும் கார் டயர்களுக்கு மட்டுமே உரியது. புதிய கார்களில் கட்டாயமாக்கப்பட்ட காற்றழுத்த எச்சரிக்கைக் கருவி டிரெய்லர்களுக்குக் கட்டாயமில்லை. காரில் காற்று இறங்கினால் ஸ்டீயரிங்கில் ஓரளவு தெரிந்துவிடும். பின்னால் வரும் டிரெய்லரில் ஒரு டயர் காற்றிழந்தாலும் ஓட்டுநருக்குத் தெரியாமல் போகலாம். எச்சரிக்கை மிகத் தேவையான வண்டி, சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நின்றது.

'சீனக் குண்டு' என்னும் பெயர்

2000-களில் எஸ்டி டயர்களின் உற்பத்தி பெருமளவு சீனாவுக்கு நகர்ந்தது. டயர்கள் வெடித்தபோது உரிமையாளர்கள் அவற்றுக்குச் 'சீனக் குண்டு' என்று பட்டப்பெயர் வைத்தனர். தரம் குறைந்த டயர்கள் சந்தைக்கு வந்ததை மறுக்க இயலாது. எனினும் இப்பெயர் முழு உண்மையைச் சொல்லவில்லை. 2000-இல் திரும்பப் பெறப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்களில் பெரிதும் குற்றம் சாட்டப்பட்டவை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து டிகேட்டர் ஆலையில் செய்யப்பட்டவை.

2017-இல் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. குட்இயர் நிறுவனம் அமெரிக்காவில் தயாரான எண்டியூரன்ஸ் என்னும் எஸ்டி டயரை வெளியிட்டது. அதன் வேக எழுத்து என். அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். மற்றொன்று, பயண வண்டித் தயாரிப்பாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு விதித்த நிபந்தனை. அச்சின் சுமைத் திறனைவிட டயர்களின் திறன் குறைந்தது 10 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அது. அரசு விதியோ இரண்டும் சமமாக இருந்தாலே போதும் என்றது. முன்பு செய்யப்பட்ட வண்டிகளில் இந்த 10 விழுக்காடு இல்லாமல் இருக்கலாம். அவற்றின் டயரை மாற்றும்போது பழைய டயரைப் போன்றதையே வாங்கினால் பழைய குறையும் தொடரும்.

இன்றைய தேர்வு முறை

முதல் படி எடை பார்ப்பது. பயணத்துக்குரிய பொருள்களையும் தண்ணீரையும் ஏற்றிய பிறகு, லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் வண்டியை நிறுத்த வேண்டும். சமையலறையும் நீண்டு விரியும் அறைகளும் ஒரு பக்கமாக இருந்தால் அப்பக்க டயர்கள் அதிகம் சுமக்கும். ஆகவே ஒவ்வொரு சக்கரத்தையும் தனியே எடை போடுவது மேலும் நல்லது.

அடுத்தது கணக்கு. ஒவ்வோர் அச்சும் 7,000 பவுண்டு, அதாவது 3,175 கிலோ தாங்கும் வண்டியை எடுத்துக்கொண்டால், ஒரு டயரின் பங்கு சுமார் 1,588 கிலோ. மேற்கூறிய எல்டி டயரின் 1,380 கிலோ இதற்குப் போதாது. எஸ்டி டயரின் 1,650 கிலோ போதும். ஆனால் மிச்சம் 4 விழுக்காடே. 10 விழுக்காடு மிச்சம் வேண்டுமானால் 1,746 கிலோ தேவை. அதற்கு இ-க்கு அடுத்த எஃப் அல்லது ஜி சுமைத்தர டயருக்குச் செல்ல வேண்டும்.

இவை அதிகக் காற்றழுத்தம் கேட்பவை. ஜி வகைக்கு 110 பி.எஸ்.ஐ. வரை வேண்டும். பழைய ரிம் அந்த அழுத்தத்துக்கும் சுமைக்கும் உரியதா என்று அதில் பொறித்துள்ள எண்களைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்கே ஏற்றது, அதற்கு மேல் உயர் அழுத்த வால்வு தேவை.

மூன்றாவது வயது. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டிரெய்லர் வீடு ஆண்டில் பல மாதங்கள் ஒரே இடத்தில் வெயிலில் நிற்பது. மேற்பட்டை புதிதாகத் தோன்றும். உள்ளே ரப்பர் முதிர்ந்து பிடிப்பை இழந்திருக்கும். ஆகவே ஐந்து, ஆறு ஆண்டுகளில் மாற்றிவிடுவது பொதுவான அறிவுரை. கடையில் 'புதியது' என விற்கப்படும் டயரிலும் இந்த நான்கு இலக்கங்களைப் படித்த பின்பே பணம் கொடுப்பது நல்லது.

கடைசியாகக் காற்றழுத்தம். வண்டி ஓடத் தொடங்குவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும் நிலையில் இதனை அளக்க வேண்டும். ஓடிய பின் சூட்டினால் அழுத்தம் கூடியிருக்கும். அதைக் கண்டு காற்றை இறக்குவது தவறு. சக்கரங்களில் மாட்டும் அழுத்தமானிகளைத் தனியே வாங்கிப் பொருத்தினால், சட்டம் விட்டுவைத்த குறையை உரிமையாளரே ஈடுசெய்யலாம்.

டிரெய்லர் வீட்டின் எடையைத் தாங்குவது ரப்பர் மட்டுமன்று. அதனுள் அடைபட்ட காற்றே பெரும்பங்கு தாங்குகிறது. அந்தக் காற்று எவ்வளவு, அதன் மேல் ஏறும் எடை எவ்வளவு, அது ஓடும் வேகம் எவ்வளவு என்னும் மூன்று எண்களையும் தயாரான தேதியையும் அறிந்தவருக்கு, எந்த நிறுவனத்தின் டயர் என்பது அடுத்த கேள்வியே.