மூன்று ஓடுபாதைகள்

திருகோணமலை உட்துறைமுகத்தின் ஓரத்தில் சீனக்குடா விமானத்தளம் இருக்கின்றது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் எமது துறைமுகத்தைத் தாக்க வந்தபோது, அவற்றை எதிர்கொள்ளப் பிரித்தானியப் போர் விமானங்கள் மேலெழுந்தது இந்த ஓடுபாதையிலிருந்துதான். அதே யுத்தத்துக்காகப் பிரித்தானியர் அமைத்த வேறு இரண்டு ஓடுபாதைகளையும் நான் அறிவேன். ஒன்று களுத்துறைக்கு அருகேயுள்ள கட்டுக்குருந்தை. மற்றையது சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம். யுத்தம் முடிந்த பின்னர் இந்த மூன்றும் மூன்று வழிகளில் போயின. தேசத்தின் பெயரில் ஒரு கார்ப் பந்தய அணியை உருவாக்குவது ஏன் கடினம் என்ற கேள்விக்கு, இந்த மூன்று ஓடுபாதைகளின் கதையிலேயே பாதி விடை இருக்கின்றது என்பது எனது எண்ணம்.

இந்தக் கேள்வியை முதலில் என்னிடம் கேட்டவர் ஓர் இளைஞர். 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஆழிப்பேரலை வந்து பத்து வாரங்களே ஆகியிருந்தன. கிண்ணியா, மூதூர் முகாம்களைப் பார்த்து எழுதுவதே எனது அன்றாட வேலையாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனது மோட்டார் சைக்கிளைத் திருத்துவதற்காக உட்துறைமுக வீதிப் பக்கமாக இருந்த ஒரு கராச்சுக்குப் போனேன். அங்கே வேலை எதுவும் நடக்கவில்லை. எல்லோரும் தொலைக்காட்சியின் முன்னால் நின்றார்கள். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் போர்முலா வன் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் நிற ஜோர்டான் காரில் நரேன் கார்த்திகேயன் ஓடிக்கொண்டிருந்தார். போர்முலா வன் பந்தயத்தில் ஓடிய முதலாவது இந்தியர் அவர். கோயம்புத்தூர்க்காரர், தமிழர்.

கையில் கிறீஸ் பூசியிருந்த அந்த இளைஞர் என்னிடம் கேட்டார்: "ஐயா, இலங்கைக்கும் இப்படி ஓர் அணி வருமா? வந்தால் எங்களையும் சேர்ப்பார்களா?"

"தம்பி, முதலில் எனது சைக்கிளைத் திருத்தித் தாரும்" என்று சிரித்துச் சமாளித்தேன். பத்திரிகைக்காரன் ஒருவன் விடை தெரியாதபோது செய்வது அதுதான்.

அதே ஆண்டு செப்டெம்பரில், இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் ஓடுதளத்தில் ஏ1 கிராண்ட் பிரி என்ற புதிய போட்டித் தொடர் ஆரம்பமாகியது. டுபாய் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் மக்தூம் ஹாஷரின் திட்டம் அது. கார் நிறுவனங்கள் மோதுவதற்குப் பதிலாக நாடுகள் மோத வேண்டும் என்பதே அதன் அடிப்படை. எல்லா நாடுகளுக்கும் ஒரே வகைக் கார். லோலா நிறுவனத்தின் உடற்பகுதி, சைடெக் நிறுவனத்தின் 3.4 லீற்றர் எஞ்சின். பணக்கார நாடு சிறந்த காரை வாங்கி வெல்ல முடியாது. ஓட்டுபவரின் திறமையே முடிவு செய்யும் என்று சொல்லப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. இந்தியா வந்தது. பாகிஸ்தானும் லெபனானும்கூட வந்தன. இலங்கை வரவில்லை.

கார் ஒன்றாக இருந்தாலும் அணி அமைப்பது எளிதாக இருக்கவில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முதலீட்டாளர் முன்வந்து உரிமத்தை வாங்க வேண்டும். பொறியியலாளர்களுக்கும் திருத்துநர்களுக்கும் கண்டத்துக்குக் கண்டம் பயணம் செய்வதற்கும் பணம் வேண்டும். அந்தப் பணத்தை விளம்பரதாரர்களிடமிருந்து பெற வேண்டும். இங்கேதான் முதலாவது முடிச்சு விழுகின்றது. வெல்லாத காரில் தன் பெயரை எழுத எந்த நிறுவனமும் விரும்புவதில்லை. பணம் இல்லாத அணி வெல்வதும் இல்லை. பல்லாண்டு காலமாகக் கார்ப் பந்தயத்துக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தவை சிகரெட் கம்பனிகள். ஐரோப்பிய ஒன்றியம் அந்த விளம்பரங்களை 2005 ஜூலை இறுதியுடன் தடைசெய்தது. இந்தியாவில் 2003ஆம் ஆண்டுச் சட்டமும், இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டமும் புகையிலை விளம்பரத்துக்குக் கதவடைத்தன. நியாயமான தடைதான். ஆனால், பழைய அணிகள் அந்தப் பணத்தில் வளர்ந்து முடிந்த பின்னரே புதிய அணிகள் சந்தைக்கு வந்தன என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

இரண்டாவது முடிச்சு ஓட்டக்காரர். நாட்டின் பெயரில் ஓடுவதென்றால் அந்த நாட்டின் கடவுச்சீட்டு வேண்டும். நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட இந்தியாவில் அத்தகைய காரை ஓட்டத் தகுதியுள்ளவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? விரல்விட்டு எண்ணிவிடலாம். முதலாவது பருவத்தில் ஓடியவர்கள் கருண் சந்தோக்கும், அப்போது 16 வயதே ஆகியிருந்த அர்மான் இப்ராஹிமும். இருவரும் சென்னையைச் சேர்ந்தவர்கள். பின்னர் வந்தவர்கள் நரேன் கார்த்திகேயனும் பார்த்திவ சுரேஷ்வரனும். இருவரும் தமிழ்நாட்டவர்கள். டெல்லியும் மும்பையும் பணத்திலோ கார்களிலோ குறைந்த நகரங்கள் அல்லவே, பின்னர் ஏன் எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள்?

விடை சோழவரம். யுத்தம் முடிந்து கைவிடப்பட்ட அந்த ஓடுபாதையில், ஐம்பதுகளிலிருந்து கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஆண்டுதோறும் பந்தயங்களை நடத்தியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் கருண் சந்தோக்கின் பாட்டனார். அர்மானின் தந்தை அக்பர் இப்ராஹிமும் பந்தயக்காரர். நரேனின் தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ரலிப் போட்டிகளில் பலமுறை வென்றவர். பின்னர் மதுபானத் தொழிலதிபராகப் பெயர்பெற்ற விஜய் மல்லையாகூட இளமையில் அங்கே கார் ஓட்டியவர்தான். சோழவரத்துக்குப் பதிலாக ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ஓடுதளம் ஒன்றையும் அந்தக் கிளப் பின்னர் அமைத்தது.

ஓடுதளம் மட்டும் போதாது, காரும் கைக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும். கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் அதைச் செய்தார். மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை உள்நாட்டிலேயே கட்டினார். நரேன் தமது பந்தய வாழ்வைத் தொடங்கியது அந்த வகைக் காரில்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோயம்புத்தூருக்கு அருகேயுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இன்றும் அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது. எம்.ஆர்.எஃப்., ஜே.கே. போன்ற ரயர்க் கம்பனிகள் இந்த வட்டத்துக்குள் பணத்தைக் கொண்டுவந்தன. ரயர் விற்பவனுக்குக் கார்ப் பந்தயத்தால் ஒரு பயன் உண்டு. இவ்வாறு, தேசிய அணி ஒன்று 2005இல் ஓட்டக்காரரைத் தேடிப் புறப்பட்டபோது, ஐம்பது ஆண்டுகால விளைச்சல் அங்கே அறுவடைக்குக் காத்திருந்தது.

பயன் கிடைக்கச் சிறிது காலம் எடுத்தது. 2007 டிசெம்பரில் சீனாவின் சுஹாய் ஓடுதளத்தில் பிரதான பந்தயத்தை நரேன் வென்றார். அந்தத் தொடரில் இந்தியாவின் முதலாவது வெற்றி அது. அடுத்த ஆண்டு மே மாதம் பிராண்ட்ஸ் ஹாட்ச்சிலும் வென்றார். சமமான கார் கிடைத்தால் எவருக்கும் சளைத்தவரல்லர் என்பதை அவர் காட்டினார்.

ஆனால் தொடர் நிலைக்கவில்லை. 2008இல் பெராரி எஞ்சினுடன் புதிய கார்கள் வந்தன. உலகப் பொருளாதார நெருக்கடியும் அதே ஆண்டில் வந்தது. 2009 ஒக்டோபரில் அவுஸ்திரேலியாவில் தொடங்கவிருந்த ஐந்தாவது பருவம் தொடங்காமலே போயிற்று. நாடுகளின் பெயரில் நடந்த போட்டி, எந்த நாட்டின் அரசும் தாங்கிப் பிடிக்காத ஒரு தனியார் வியாபாரமாகவே முடிந்தது.

இன்னொரு முயற்சியையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2007இல் விஜய் மல்லையா ஸ்பைக்கர் அணியை விலைக்கு வாங்கி, 2008 முதல் போர்ஸ் இந்தியா என்ற பெயரில் போர்முலா வன்னில் ஓடவிட்டார். அந்த அணி இங்கிலாந்தில் இருந்தது. 2009இல் பெல்ஜியத்தில் இரண்டாம் இடத்தையும் பெற்றது. ஓட்டியவர் இத்தாலியரான பிசிகெல்லா. பத்து ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவின் பெயரைச் சுமந்த அந்த அணியின் பந்தய இருக்கையில் ஓர் இந்தியர்கூட அமரவில்லை. கருணும் நரேனும் 2010 முதல் 2012 வரை எச்.ஆர்.டி. என்ற, வரிசையின் கடைசியில் ஓடிய ஸ்பானிய அணியிலேயே இடம் பெற்றார்கள். டெல்லிக்கு அருகே பெருஞ்செலவில் அமைக்கப்பட்ட புத்தா சர்வதேச ஓடுதளத்திலும் 2011 முதல் 2013 வரை மூன்று போர்முலா வன் பந்தயங்களே நடந்தன. கார்ப் பந்தயம் விளையாட்டா, கேளிக்கையா என்ற வரித் தகராறு அதற்கு ஒரு காரணம். 2018இல் போர்ஸ் இந்தியா கடனில் மூழ்கிக் கைமாறியது. ஏ1 அணியிடம் ஓட்டக்காரர் இருந்தார், நிலையான பணம் இருக்கவில்லை. மல்லையாவின் அணிக்குப் பணம் கிடைத்த காலத்திலும், பெயருக்குரிய ஓட்டக்காரர் கிடைக்கவில்லை.

இனி எமது தீவுக்கு வருவோம். இலங்கைக்கும் பந்தய மரபு உண்டு. நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1930களில் தொடங்கியது. அறுபதுகளின் இறுதியில், கொழும்பில் பயிற்சி நிருபராக இருந்தபோது, கட்டுக்குருந்தைப் பந்தயத்தைப் பார்க்க விளையாட்டுப் பக்க ஆசிரியர் என்னை அனுப்பினார். வெயிலில் கொதித்த கொங்கிறீட்டும், எரிந்த ரயரின் மணமும் இன்றும் நினைவில் நிற்கின்றன. அந்தக் காலத்தில் எமது ஓட்டக்காரர்கள் சோழவரத்துக்கும் சென்று போட்டியிட்டார்கள். பின்னர் எழுபதுகளின் இறக்குமதித் தடைகள் வந்தன. எண்பதுகளில் போர் வந்தது. கட்டுக்குருந்தை விசேட அதிரடிப் படையின் பயிற்சி முகாமாகியது. பல ஆண்டுகள் கழித்தே அங்கே மீண்டும் கார்கள் ஓடின. போர்க்காலத்திலும் அதற்குப் பின்னரும் தெற்கில் வளர்ந்த பெரிய பந்தயங்களில் சில, தியத்தலாவை பொக்ஸ் ஹில் போல, இராணுவ மைதானங்களில் இராணுவம் நடத்தியவை. டிலந்த மாலகமுவ போன்ற சிலர் தமது முயற்சியால் ஆசியப் போட்டிகளில் ஓடினார்கள். தேசிய அணி என்று சொல்லத்தக்க ஒன்று உருவாகவில்லை.

சீனக்குடாவில் பந்தயம் நடந்ததாக நான் அறியேன். 1957இல் பிரித்தானியர் திருகோணமலைத் தளங்களைக் கையளித்த பின்னரும் அது படைத்தளமாகவே இருந்தது. இன்றும் விமானப்படையின் பயிற்சிக் கழகம் அங்கேதான் இருக்கின்றது. வேடிக்கை என்னவெனில், எரிபொருளுக்கு இங்கே குறைவான வசதி இருக்கவில்லை. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. 2022இல் அந்த மாவட்டத்து மக்களே பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

திறமைக்கும் குறைவு இருந்ததில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் தடைசெய்யப்பட்ட யாழ்ப்பாணத்தில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த திருத்துநர்களை நான் பார்த்திருக்கின்றேன். அவர்களின் கைவண்ணத்தை எந்தப் பந்தய அணியும் வரவேற்றிருக்கும். ஆனால், வேகமாக ஓடுவதே சுடப்படுவதற்குப் போதுமான காரணமாக இருந்த ஒரு நிலத்தில், எந்தப் பிள்ளை ஓட்டப் பழகும்? ஏ1 தொடரின் முதலாவது பருவம் நடந்துகொண்டிருந்தபோதுதான், 2006 ஜனவரி 2ஆம் திகதி, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாலை வேளையில் கடற்கரையில் கூடிநிற்பதற்கே உயிரை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்த இளைஞர்களிடம் தேசிய அணியைப் பற்றி யார் பேசுவது?

அந்தக் கராச் இளைஞர் 2007இல் கட்டாருக்கு வேலைக்குப் போனார். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஊர் திரும்பி, சொந்தமாகச் சிறிய கராச் ஒன்றை நடத்துகின்றார். கடந்த ஆண்டு அவரைச் சந்தித்தபோது, அன்று சொல்லாத விடையைச் சொன்னேன். "தம்பி, அணி வருவதற்கு முதலில் ஓடுபாதை வேண்டும். அதில் ஓடுகின்ற பிள்ளை யாருடையது என்று கேட்காத நாடும் வேண்டும்" என்றேன்.

அவர் சிறிது நேரம் யோசித்தார். "ஐயா, சோழவரமும் படையின் ஓடுபாதைதானே? ஒரு நாள் யாரோ கேட்டுத்தானே வாங்கியிருப்பார்கள்?" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சீனக்குடாப் பக்கம் பார்த்தேன். பயிற்சி விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகளில் அந்த ஓடுபாதையை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காவது தாருங்கள் என்று நாம் எவரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.